குறுகலான, உயரமான டயரும் சக்கர எடையும்: காரின் ஓட்டம் எவ்வளவு மாறும் என்று கணக்கிடும் முறை

2013இல் வெளிவந்த பி.எம்.டபிள்யூ. ஐ3 மின்காரின் முன்சக்கரத்தில் 155/70 ஆர்19 அளவு டயர் மாட்டப்பட்டிருந்தது. மாருதி ஆல்டோவின் 145 மி.மீ. டயரைவிட இதன் அகலம் ஒரு சென்டிமீட்டர்தான் கூடுதல். உயரமோ ஹூண்டாய் கிரெட்டாவின் 215/60 ஆர்17 டயரைவிடச் சற்றே அதிகம். இதைப் பார்த்தபின் தம் காருக்கும் இப்படி மாற்றலாமா என்று கேட்பவர்களும், பெரிய அலாய் வீல் போட்டால் பிக்கப் போய்விடுமா என்று அஞ்சுபவர்களும் கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு ஒன்று உண்டு.

படி 1: விட்டம்

165/80 ஆர்14 என்றால் 165 மி.மீ. அகலம், 80 பக்கவாட்டு விகிதம் (டயரின் பக்கச்சுவர் உயரம் அகலத்தில் எத்தனை விழுக்காடு என்பது), 14 அங்குல ரிம். அகலத்தைப் பக்கவாட்டு விகிதத்தால் பெருக்கி, இரட்டித்து, ரிம் அளவை 25.4ஆல் பெருக்கி வரும் மில்லிமீட்டரோடு கூட்ட வேண்டும். 2018 ஸ்விஃப்டின் 165/80 ஆர்14 டயருக்கு 132 × 2 + 355.6 = 619.6 மி.மீ. அதே காரின் உயர்வகைகளில் வந்த 185/65 ஆர்15 டயருக்கு 621.5 மி.மீ. ரிம் ஓர் அங்குலம் கூடியும் விட்டம் 2 மி.மீ.தான் மாறியிருக்கிறது. 14 அங்குல டயரின் இடத்தில் ஒருவர் 185/70 ஆர்15 போட்டால் விட்டம் 640 ஆகிவிடும். பழைய டயரைவிட 3.3 விழுக்காடு அதிகம்.

காரின் பாரத்தால் டயர் அமுங்குவதால் உண்மையில் உருளும் தூரம் சற்றுக் குறைவாகவே இருக்கும். டயரிலும் தரையிலும் சாக்பீஸால் கோடு போட்டு, ஒரு முழுச் சுற்று தள்ளி, நாடாவால் அளந்துவிடுங்கள். கைபேசிச் செயலிகளைவிட இந்த அளவையே நான் நம்புகிறேன்.

படி 2: எடை

ரிம்மையும் டயரையும் சேர்த்தே நிறுக்க வேண்டும். பயணப்பெட்டி நிறுக்கும் மின்னணுத் தொங்கு தராசில் கயிறு கட்டித் தூக்குவது எளிது. குளியலறை எடைமேடையில் சக்கரத்தை வைத்தால் எண் தெரியாமல் மறைந்துவிடும். அது மட்டுமே இருந்தால், சக்கரத்தோடு நீங்கள் ஏறி நின்று, வரும் எடையிலிருந்து உங்கள் எடையைக் கழியுங்கள். அலாய் என்றாலே இலகு என்று எண்ண வேண்டாம்: வார்ப்பு முறையில் செய்த பெரிய அலாய் ரிம் சிறிய ஸ்டீல் ரிம்மைவிடக் கனமாக இருப்பதுண்டு.

படி 3: சுழலும் எடை

என்னை நெடுநேரம் நிறுத்திவைத்த படி இதுதான். சக்கரத்தில் கூடும் ஒரு கிலோ, காரில் கூடும் பத்து கிலோவுக்குச் சமம் என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். முடுக்கத்தைப் பொறுத்தவரை இது இயற்பியலுக்குப் பொருந்தாது.

ஓடும் காரின் சக்கரம் காரோடு முன்னே நகர்கிறது. கூடவே தன்னைத்தானே சுற்றுகிறது. பட்டன் (தரையைப் பிடிக்கும் மேடு பள்ளங்கள்) இருக்கும் வெளிவிளிம்பு சுற்றும் வேகம் காரின் வேகத்துக்குச் சமம் என்பதால், அங்குள்ள ஒரு கிலோவை முடுக்க இரண்டு கிலோவுக்குரிய ஆற்றல் வேண்டும். அதற்கு மேல் ஒருபோதும் ஆகாது. பெரிய சக்கரமானாலும் இந்த இரட்டிப்பு மாறுவதில்லை, ஏனெனில் ஆரம் கூடும் அளவுக்கே அது மெதுவாகச் சுற்றுகிறது. எடை மையத்தை நெருங்க நெருங்கப் பெருக்கம் குறையும்: எடை இருக்கும் ஆரத்தைச் சக்கர ஆரத்தால் வகுத்து, வர்க்கமாக்கி, ஒன்றோடு கூட்டினால் போதும். ஸ்விஃப்டின் 14 அங்குல ரிம் விளிம்பில் இது ஏறத்தாழ 1.33, விட்டம் மாறாமல் 16 அங்குல ரிம் போட்டால் 1.43.

இப்போது எண்களை இடுங்கள். சக்கரத்துக்கு 2.5 கிலோ வீதம் நான்குக்கும் 10 கிலோ கூடியது என்று கொள்வோம். மிக மோசமான நிலையில் அது 20 கிலோ. ஓட்டுநரோடு 1,000 கிலோ இருக்கும் காருக்கு 2 விழுக்காடு. எடை முழுதும் ரிம்மில் என்றால் 1.4 விழுக்காடுதான். விட்டம் 3.3 விழுக்காடு கூடினாலோ, ஒவ்வொரு கியரிலும் தரையைத் தள்ளும் விசை ஏறத்தாழ அதே அளவு குறைகிறது. பெரிய சக்கரம் போட்டபின் கார் மந்தமானதாகத் தோன்றினால் முதலில் விட்டத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

சக்கர எடை உண்மையில் வேலையைக் காட்டும் இடம் சஸ்பென்ஷன். ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கும் எடை கூடினால் குழியில் இறங்கிய சக்கரம் தரையோடு ஒட்டித் திரும்பத் தாமதமாகும். அதிர்வு உள்ளே வரும். ஐ3இன் ரிம்கள் அடித்து உருவாக்கிய அலுமினியத்தால் ஆனதற்கு இதுவும் ஒரு காரணம்.

படி 4: அகலம்

ஒரு சக்கரத்தின் மீது 250 கிலோ, காற்றழுத்தம் 33 பி.எஸ்.ஐ. என்றால், டயர் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 108 சதுர செ.மீ. தொடும் அகலம் 15 செ.மீ. என்றால் நீளம் 7.2, அகலம் 12 என்றால் நீளம் 9. நீளம் கூட டயர் அதிகம் அமுங்க வேண்டும். அமுங்கி மீள்வதில்தான் உருளும்போது ஆற்றல் வீணாகிறது. ஆனால் ஆரம் பெரிதானால் அதே நீளத்துக்குக் குறைவாக அமுங்கினாலே போதும். ஆகவே குறுகலும் உயரமும் சேர்ந்தால்தான் பயன். உயரத்தைக் கூட்டாமல் டயரை மட்டும் குறுக்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டும் சேர்ந்தால் காற்றுத் தடையும் குறையும், தேங்கிய மழைநீரையும் டயர் நன்றாகக் கிழித்துச் செல்லும். உலர்ந்த சாலையில் வேகமாகத் திரும்பும்போது மட்டும் அகல டயரே மேல்.

படி 5: வாங்குமுன்

டயர் தாங்கும் பாரக் குறியீடு பழைய டயரினுடையதைவிடக் குறையக் கூடாது. ஐ3இன் முன்டயரில் 84கியூ என்றிருக்கும்: 500 கிலோ பாரம், 160 கி.மீ. வேகம். அந்தக் காரின் வேகம் 150இல் கட்டுப்படுத்தப்பட்டிருப்பதால் அது போதும். வேறு காருக்குப் போதாமல் போகலாம். ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது என்பது ஐ.நா.வின் 39ஆம் வாகன விதி. விட்டம் கூடினால் அது காட்டும் வேகம் குறையும் என்பதால், விட்டம் 3 விழுக்காட்டுக்கு மேல் கூடாமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் சிக்கல் வராது.

பின்சேர்க்கை: ஸ்டெப்னி பழைய அளவிலேயே இருக்கலாமா என்று வாசகர்கள் கேட்டிருந்தார்கள். விட்டம் மாறுபட்டால், எஞ்சின் இழுக்கும் அச்சில் அதை மாட்டும்போது டிஃபரென்ஷியல் (வளைவில் இருபக்கச் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் பல்சக்கரத் தொகுதி) நேர்ச்சாலையிலும் ஓயாமல் வேலை செய்ய நேரிடும். ஸ்விஃப்ட் போன்ற முன்சக்கர இழுவைக் காரில் முன்டயர் பஞ்சரானால், பின்சக்கரம் ஒன்றைக் கழற்றி முன்னால் மாட்டிவிட்டு, ஸ்டெப்னியைப் பின்னால் போட்டு, மெதுவாகப் பஞ்சர் கடை வரை செல்லுங்கள்.