கண்ணில் சதை வளர்கிறதா? கடற்கரைக்காரர்களுக்கு

பாம்பன், தொண்டியில் கடலுக்குப் போகிறவர்கள், வாலிநோக்கம் உப்பளத்தில் வேலை பார்ப்பவர்கள் கவனிக்க: மூக்கை ஒட்டிய வெள்ளைவிழியில் சதை படர்வதற்குப் புற ஊதாக் கதிர்தான் முக்கியக் காரணம். மேலே வெயில், கீழிருந்து தண்ணீரும் உப்பும் திருப்பியடிக்கும் ஒளி; போதாததற்குக் காற்று, தூசி. அகல விளிம்புத் தொப்பியோடு புற ஊதாக் கதிரைத் தடுக்கும் ‘யுவி 400’ கண்ணாடி போடுங்கள். வெறும் கறுப்புக் கண்ணாடி கூச்சத்தைத்தான் குறைக்கும்.

கண் சிவந்தால் மெடிக்கலில் நீங்களாகவே சொட்டு மருந்து வாங்கவே வேண்டாம். அதில் ஸ்டீராய்டு இருந்து, நாள்கணக்கில் விட்டால், கண் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பே கெடலாம். சதை கருவிழிப் பக்கம் நகர்ந்தால் கண் டாக்டரிடம் காட்டுங்கள்.

இன்னொன்று: சர்க்கரை நோய் உள்ளவர்கள் பார்வை நன்றாக இருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும். கண் பாப்பாவை விரிக்க மருந்து விடுவார்கள். சில மணி நேரம் மங்கும். பைக் ஓட்ட ஆள் கூட்டிப் போங்கள்.