குழல் மாற்றிய லீ என்பீல்டுக்கு முன்குறி பொருத்துதல்: தொடங்குவோருக்கான செய்முறை

எங்கள் சுடுதற் சங்கத்தின் நான்காம் இலக்க லீ என்பீல்ட் துவக்கு ஒன்றின் குழல் தேய்ந்து போனதால், உரிமம் பெற்ற திருத்துநர் ஒருவர் அதற்குப் புதுக் குழல் பூட்டித் தந்தார். குறிகளை, அதாவது இலக்கைப் பார்க்க உதவும் முன்குறியையும் பின்குறியையும், சரிசெய்யும் வேலையை அவருடைய பட்டறையிலேயே, அவர் பார்த்திருக்க, நான் ஏற்றுக்கொண்டேன். இரண்டு சுடுதள நாட்களை இழந்த பிறகே வேலை முடிந்தது. அடுத்தவருக்கு அந்த இழப்பு வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன். இலங்கையின் 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின்படி துவக்கு வைத்திருப்பதற்கும் உரிமம் வேண்டும், திருத்துவதற்கும் உரிமம் வேண்டும் என்பதால், இதை வீட்டு மேசையில் செய்யும் வேலையாக எவரும் எண்ண வேண்டாம்.

நான்காம் இலக்கத்தில் பின்குறி, குழல் திருகிப் பூட்டப்படும் உடற்பகுதியின் மேல் இருக்கிறது. ஆகவே குழலை மாற்றினாலும் பின்குறி அசையாது. கவலை முழுவதும் முன்குறியைப் பற்றியதே. அதற்கு முந்திய குட்டை லீ என்பீல்டில் பின்குறியும் குழலின் மேலேயே இருப்பதால், இங்கே சொல்வது அதற்கு அப்படியே பொருந்தாது. எனக்குக் கிடைத்த குழலில் முன்குறிக் கட்டை, அதாவது குறிபார்க்கும் மெல்லிய அலகைத் தன் பள்ளத்தில் தாங்கும் துண்டு, ஏற்கெனவே பொருத்தப்பட்டிருந்தது. கட்டை இல்லாத குழல் என்றால், கட்டையைக் குழலோடு பூட்டும் குறுக்கு முளைக்குத் துளையிடும் வேலையைத் திருத்துநரிடமே விட்டுவிடுங்கள்.

முதலில் துவக்கில் சன்னம் இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு மரப்பாகங்கள் எல்லாவற்றையும் பூட்டுங்கள். முன்மரம் குழலின் நுனியை 2 முதல் 7 இறாத்தல் வரையான விசையுடன் மேல்நோக்கித் தாங்க வேண்டும் என்பது இந்தத் துவக்கின் அமைப்பு. மரமின்றிச் சரிசெய்த குறி, மரம் பூட்டியதும் மாறிவிடும்.

இனி நான் தடுக்கி விழுந்த இடம். முதல் நாள் 100 யாரில் சுட்ட ஐந்து சன்னங்களும் நெருக்கமாகவே விழுந்தன. ஆனால் இலக்கின் நடுவிலிருந்து 6 அங்குலம் வலப்பக்கமாக. முன்குறி அலகைத் தட்டி நகர்த்தினேன், சுட்டேன், மீண்டும் நகர்த்தினேன். இரண்டாம் நாள் முடிவில் அலகு தன் பள்ளத்தின் வலது ஓரத்துக்கே போய் நின்றது. அதைப் பார்த்த திருத்துநர், "தம்பி, அலகைத் தட்ட முதல் குழல் நேரா நிக்குதா எண்டு பாத்தீங்களா?" என்று கேட்டார். நான் பார்த்திருக்கவில்லை.

பார்க்கும் முறை எளிது. ஒரே நீளமுள்ள இரண்டு உருக்கு அடிமட்டங்களை எடுத்து, ஒன்றைக் குழல் உடற்பகுதியோடு சேரும் இடத்திலுள்ள தட்டையான முகத்தின் குறுக்கே வையுங்கள். முன்குறி அலகைக் கழற்றிவிட்டு, மற்றதைக் கட்டையின் மேல்முகத்தின் குறுக்கே வையுங்கள். பின்னால் நின்று, ஒரு கண்ணை மூடி, இரண்டு விளிம்புகளும் ஒன்றின்மேல் ஒன்று படிகின்றனவா என்று பாருங்கள். தச்சர்கள் பலகையின் முறுக்கைப் பார்க்கும் அதே வழிதான். இந்தப் பார்வை கட்டை குழலோடு நேராக நிற்கிறதா என்பதைக் காட்டும். அடுத்து, முன் அடிமட்டத்தை அப்படியே விட்டு, பின் அடிமட்டத்தை உடற்பகுதியில் பின்குறி அமரும் தட்டையான இடத்துக்கு மாற்றிப் பாருங்கள். என் துவக்கில் முதற் பார்வையில் விளிம்புகள் படிந்தன. இரண்டாம் பார்வையில் முன் அடிமட்டத்தின் இடது முனை தெளிவாகத் தாழ்ந்திருந்தது. கட்டையில் பிழையில்லை, குழல்தான் உடற்பகுதியில் சரியான நிலையில் திருகி நிற்கவில்லை என்று அதிலிருந்து தெரிந்தது.

சிறு சாய்வு ஏன் இவ்வளவு தொல்லை தருகிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். முன்குறியின் நுனி குழலின் நடுக்கோட்டுக்கு மேலே ஓர் அங்குலத்தில் இருப்பதாக வைத்தால், ஒரு பாகைச் சாய்வு அந்த நுனியை 0.017 அங்குலம் பக்கவாட்டில் தள்ளும். இரு குறிகளுக்கும் இடையிலான தூரம் ஏறத்தாழ 28.75 அங்குலம், 100 யார் என்பது 3600 அங்குலம். ஆகவே இலக்கில் 2 அங்குலத்துக்கும் மேல் விலகல் வரும். என்னுடைய 6 அங்குலம், மூன்று பாகைக்குச் சற்றுக் குறைந்த சாய்வு. திருத்துநர் குழலைச் சரியாக நிறுத்தி, வெடிகூட்டு இடைவெளியையும் (மூடிய பூட்டின் முகத்துக்கும் தோட்டாவின் விளிம்பு அமரும் இடத்துக்கும் இடையிலான தூரம்) அளவிகளால் மறுபடி சோதித்த பின், அலகு பள்ளத்தின் நடுவிலேயே நின்றது.

சாய்வு இல்லை என்று தெரிந்த பிறகே அலகைத் தொட வேண்டும். விதி ஒன்றுதான்: சன்னம் விலகும் திசைக்கே முன்குறியும் போக வேண்டும். இடப்பக்கம் விழுந்தால் அலகை இடப்பக்கம் நகர்த்துங்கள். கீழே விழுந்தால் உயரம் குறைந்த அலகைப் போடுங்கள். அலகுகள் 0.015 அங்குலப் படிகளில் கிடைக்கின்றன. ஒரு படி 100 யாரில் ஏறத்தாழ 1.9 அங்குலம் மாற்றும். நகர்த்த வேண்டிய அளவைக் காண, விலகலை 28.75 ஆல் பெருக்கி 3600 ஆல் வகுத்தால் போதும்.

கருவிகளைப் பொறுத்தவரை, அலகைத் திருகித் தள்ளும் இடுக்கியே என் விருப்பம். சுத்தியல் அடி எப்போதும் தேவையைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே போகிறது. இடுக்கி இல்லாதவர்கள் பித்தளைக் கோல் வைத்துத் தட்டலாம். நான் கொழும்பு பஞ்சிகாவத்தையில் வாங்கிய கோலின் முனையை அரத்தால் தட்டையாக்கி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு நகர்த்தலையும் வேணியர் இடுக்கிமானியால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். கண் மதிப்பை நம்ப வேண்டாம்.

இதை முன்னரே வாசித்த ஒருவர், தன் அலகு எவ்வளவு தட்டியும் அசையவில்லை என்று எழுதியிருந்தார். அவருடைய கட்டை பிளவுள்ள வகை. அதை இறுக்கும் சிறு திருகாணி பழைய கிரீஸுக்குள் மறைந்திருந்தது. முன்குறிக் காப்பைக் கழற்றி, கட்டையைத் துடைத்து, திருகாணி இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இருந்தால் அதைத் தளர்த்தாமல் தட்டாதீர்கள்.

இன்னொருவருக்குச் சன்னங்கள் சில அங்குலம் மேலே விழுந்தன. அவர் உயரமான அலகு வாங்கத் தயாரானார். அவருடையது 300, 600 யார் என இரு துளைகள் மட்டும் உள்ள மடக்குப் பின்குறி. 300 யார்த் துளையால் 100 யாரில் சுட்டால் சன்னம் மேலேதான் விழும். அலகை மாற்றுமுன் பின்குறி எந்தத் தூரத்துக்கு நிற்கிறது என்று பாருங்கள்.

முடிந்ததும் அலகுக்கும் கட்டைக்கும் சேர்த்து மெல்லிய கோடொன்று கீறிவிடுங்கள். பின்னர் அலகு நகர்ந்தால் அது காட்டிக்கொடுக்கும். கீறல் பட்ட இடங்களில் அன்றே எண்ணெய் பூசுங்கள். வெள்ளவத்தையில் என் மேசையில் துடைக்காமல் விட்ட பயிற்சி இரும்புத் துண்டில், கடற்காற்றால் மறுநாட் காலையிலேயே செந்நிறத் துரு படர்ந்திருந்தது.