தெருமுனைக் கடைவீட்டைப் புதுப்பிக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

சென்னையில் தங்கசாலை, பவளக்காரத் தெரு, திருவல்லிக்கேணி பக்கம் நடந்தால், இரண்டு தெரு சேரும் முனையில் பழைய கடைவீடுகள் இன்னும் சில நிற்பதைப் பார்க்கலாம். கீழே கடை, மேலே குடும்பம். நல்ல கட்டடங்கள் அவை. அவற்றை இடிப்பவர்களைவிட, ஆசையாகச் செலவழித்துப் புதுப்பிக்கிறவர்களே அதிகம் கெடுத்துவிடுகிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

முதல் தவறு சிமென்ட். இந்தச் சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். தரையிலிருந்து ஏறும் ஓதத்தைச் சுண்ணாம்புப் பூச்சு வெளியே ஆறவிடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்பு பூத்து, செங்கல்லின் மேல்தோலையும் பெயர்த்துக்கொண்டு பூச்சு விழும். மறைக்கலாம் என்று டைல்ஸ் ஒட்டினால் ஓதம் இன்னும் உயரத்துக்கு ஏறும். சுவருக்குள் செருகியிருக்கும் தேக்குக் கட்டைகளின் முனைகள் அந்த ஈரத்தில் மெல்ல உளுத்துப்போகும். வெளியே தெரியாது என்பதால் இதைத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன்.

அந்தக் கட்டைகள்தான் மெட்ராஸ் டெரஸ் என்ற பழைய பாணி மாடித்தளத்தைத் தாங்குகின்றன. கட்டைகளின் குறுக்கே மெல்லிய சிறு செங்கற்களைச் சாய்வரிசையில் நிறுத்தி அடுக்கி, மேலே சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் போட்டுக் கடுக்காய், வெல்லத் தண்ணீர் தெளித்து நாள்கணக்கில் தட்டி, கடைசியில் தட்டையான ஓடு பதிப்பார்கள். இது ஒழுகினால் உடனே மேலே ஒரு கான்கிரீட் அடுக்கு போட்டுவிடுகிறார்கள். பழைய கட்டைக்கு அது வீண் பாரம். முதலில் தண்ணீர் ஓடும் வாட்டம் சரியாக இருக்கிறதா, தண்ணீர் இறங்கும் குழாய் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்திருந்தால் மேலே மட்டும் வெட்டாமல் வேரோடு எடுக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது, முனையில் கை வைப்பது. கடை அகலமாகத் தெரிய வேண்டும், ஷட்டர் போட வேண்டும் என்று முனைத்தூணைச் செதுக்குகிறார்கள், சில இடங்களில் எடுத்தே விடுகிறார்கள். இரண்டு தெருப்பக்கச் சுவர்களின் பாரமும் அங்கேதான் வந்து சேர்கிறது. பழைய கட்டடங்களில் பழகிய பொறியாளர் பார்க்காமல் அதைத் தொடவே கூடாது.

சாலையை மேலே மேலே போட்டு உயர்த்தியதால், படியேறிப் போன கடைகளில் இன்று படியிறங்கிப் போகிறோம். சரி, மழைத்தண்ணீர் வருமே என்று திண்ணையை இடித்துச் சுவர் எழுப்புவதைவிட, வாசலில் சிறு தடுப்பும் ஓரத்தில் வடிகாலும் போதும்.

முற்றத்தை மூடாதீர்கள், வீட்டுக்குக் காற்று அங்கிருந்துதான். அப்புறம், வேலை தொடங்கும் முன் கட்டடம் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறதா என்று சிஎம்டிஏவில் (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) கேட்டுவிடுங்கள். கடையை மூட வரிசையாகச் செருகும், நம்பர் போட்ட பழைய மரப் பலகைகளைக் கழற்றினால் வரிசை கலையாமல் மாடியில் அடுக்கி வையுங்கள். பழைய மரக்கடைக்குப் போட்டுவிட வேண்டாம்.