ஜிபே படுத்துவிட்டால் பதறாமல் இருக்க, வீட்டாரைத் தயார்படுத்துவது எப்படி?

"ஒருநாள் எல்லாம் நின்றுபோகும் பாருங்க" என்று பெரியவர்களிடம் பேச்சைத் தொடங்காதீர்கள், பயந்துபோய் பேங்க் பணத்தை மொத்தமாக எடுக்கக் கிளம்பிவிடுவார்கள். நடந்ததைச் சொல்லுங்கள், போதும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு மென்பொருள் நிறுவனத்தின் ஒரே ஒரு அப்டேட் சொதப்பி, உலகம் முழுக்கச் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின; இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். 2025 ஏப்ரல் 12 அன்று யுபிஐ தடுமாறியது. இரண்டுமே சரியாகிவிட்டன என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

பதற்றம் எங்கே வருகிறது என்றால், கணக்கில் பணம் கழிந்திருக்கும், கடைக்காரருக்கு வந்திருக்காது. உடனே திரும்பத் திரும்ப அனுப்பக் கூடாது. ரிசர்வ் வங்கி விதிப்படி, தனிநபருக்கு அனுப்பியது மறுநாளுக்குள், கடைக்குக் கட்டியது 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வர வேண்டும், தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. இதை மட்டும் அம்மாவுக்குப் புரியவைத்தால் பாதி வேலை முடிந்தது.

அப்புறம் ரொக்கம். இரண்டு மூன்று நாள் செலவுக்கு, பத்தும் ஐம்பதும் நூறுமாக. ஐந்நூறு ரூபாய்த் தாளாக அடுக்கி வைத்துப் பயனில்லை, அன்றைக்கு எந்தக் கடையிலும் சில்லறை இருக்காது. அண்ணாச்சி கடையில் அவ்வப்போது ஏதாவது வாங்கிப் பழக்கத்தை விடாமல் வைத்திருங்கள். நோட்டில் எழுதிக்கொண்டு சாமான் கொடுப்பவர் அவர்தான், சூப்பர் மார்க்கெட்டில் அதெல்லாம் நடக்காது. முக்கியமான போன் நம்பர்களையும் மாத்திரைப் பெயர்களையும் பேப்பரில் எழுதி பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள்.

இதையெல்லாம் ஒரு ஞாயிறு காலை ஒத்திகை பார்த்துவிடுங்கள். மதியம் வரை வீட்டில் யாருக்கும் டேட்டா கிடையாது, காய்கறியும் கறியும் ரொக்கத்தில்தான். பிள்ளைகள் முனகுவார்கள், முனகட்டும். யார் அதிகம் தவிக்கிறார்கள் என்பதும் தெரிந்துவிடும் (பெரும்பாலும் அப்பாதான்).

சென்னைக்காரர்களுக்கு இது போதாது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் கரண்ட், சிக்னல் இரண்டுமே போய்ப் பல பகுதிகள் நாள்கணக்கில் தவித்தன. பவர் பேங்க், பேட்டரி ரேடியோ, பிரிந்துவிட்டால் எந்த உறவினர் வீட்டில் சேர்வது என்ற முடிவு, மூன்றும் வேண்டும்.

பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்தால், வாட்ஸ்அப் பதில் ஒருநாள் வரவில்லை என்றால் கவலைப்படுவதில்லை என்று முன்பே பேசி வையுங்கள், 2021 அக்டோபர் 4 அன்று அது சுமார் 6 மணி நேரம் முடங்கியே கிடந்தது. "உங்க யுபிஐயைச் சரிபண்ணித் தர்றோம், பின் நம்பர் போடுங்க" என்று எவனாவது கூப்பிட்டால் போனை வைத்துவிட வேண்டும், ஏமாந்துவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐக் கூப்பிடுங்கள்.