மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள்

மாதம் ஒருமுறை பிள்ளையை மடியில் கிடத்தி, நல்ல வெளிச்சத்தில் மேலுதட்டை மெல்லத் தூக்கிப் பாருங்கள். முன்பல் முரசோடு சேரும் இடத்தில் சுண்ணாம்பு பூசினாற்போல் வெள்ளைக் கோடு தெரிகிறதா? பெரும்பாலும் அதுதான் சூத்தையின் தொடக்கம். குழி விழ முன்னம் காட்டினால், பல் வைத்தியர் பல்லை உறுதியாக்கும் புளோரைட் என்ற தாதுப்பொருளைப் பூசியே அதை நிறுத்தப் பார்ப்பார். “பாற்பல்தானே, விழுந்துவிடும்” என்று விடாதீர்கள். கடைவாய்ப் பாற்பல் 10, 12 வயது வரை இருக்கவேண்டியது, பாவம் அந்தப் பிள்ளை அதுவரை எதைக்கொண்டு சாப்பிடும்?

இரவில் பால் போத்தலை வாயில் வைத்தபடி தூங்க விடவேண்டாம். சீனித் தேத்தண்ணி போத்தலில் வேண்டவே வேண்டாம்.

வன்னியில் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். வவுனியாப் பக்கம் சில கிணறுகளில் புளோரைட் அளவுக்கு அதிகம். அந்தத் தண்ணீரால் பல்லில் வரும் வெள்ளை, மண்ணிறத் திட்டுகள் சூத்தை அல்ல. பயந்து புளோரைட் உள்ள பற்பசையை நிறுத்தாதீர்கள், அளவைப் பாருங்கள்: 3 வயது வரை அரிசிமணி அளவு, பிறகு 6 வயது வரை பட்டாணி அளவு. விழுங்காமல் துப்பப் பழக்கினால் சரி. எது சூத்தை, எது திட்டு என்று குழப்பமென்றால் அரசாங்க ஆஸ்பத்திரிப் பல் பகுதியில் காட்டுங்கள், காசு தேவையில்லை.