ஒரு நிறச் சொல் கடல் கடந்த வழியைக் கண்டறிவது எப்படி: ஸ்பானிய ‘அஞில்’

ஒரு நிறத்தின் பெயர் எந்த மொழியிலிருந்து எந்த மொழிக்குச் சென்றது என்று அறிய விரும்புபவர், அகராதி தரும் ஒற்றை வரி விளக்கத்தோடு நின்றுவிடாமல், சொல்லின் ஒலியையும் அதனோடு கப்பலேறிய சரக்கையும் சேர்த்து ஆராய வேண்டும். அவுரிச் செடியிலிருந்து எடுக்கும் நீலச் சாயத்துக்கும் அதன் நிறத்துக்கும் ஸ்பானியர் வழங்கும் ‘அஞில்’ என்னும் சொல் இதைப் பழகிக்கொள்ள மிகவும் ஏற்றது. அதன் வேர் சமஸ்கிருதத்தின் ‘நீல’. அதன் கடைசித் தளிர் வேதியியல் ஆய்வகத்தில் இருக்கிறது.

முதலில் சொல்லின் பழைய வடிவங்களைத் திரட்டிக்கொள்ளுங்கள். ஸ்பானிய அரச கழகம் 1726 முதல் 1739 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட அகராதி அக்கழகத்தின் இணையதளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. ஒவ்வொரு சொல்லையும் ஆண்ட எழுத்தாளர்களின் வரிகளை அது மேற்கோளாகத் தருவதால், வெறும் பொருள் விளக்கத்தைவிட அதிகம் பயன்படும். தேடும்போது ‘அஞிர்’ போன்ற மாற்று வடிவங்களையும் விடாமல் பாருங்கள்.

அடுத்தது ஒலி ஆய்வு. இங்கேதான் சற்று நேரம் செலவிட வேண்டும். அரபு மொழியில் ‘அல்’ என்னும் முன்னொட்டு, நகர எழுத்தில் (‘ந’ ஒலியில்) தொடங்கும் சொல்லின் முன் வரும்போது ‘அன்’ என ஒலிக்கும். ஆகவே பாரசீகத்தின் வழியே அங்கு சென்ற ‘நீல்’ என்ற சொல் ‘அன்னீல்’ ஆயிற்று. முஸ்லிம் ஆட்சியில் இருந்த ஸ்பெயினில் மக்கள் அந்த முன்னொட்டைச் சொல்லின் பகுதியாகவே எடுத்துக்கொண்டனர். பின்னர் இரட்டை நகரம் ஸ்பானியத்தில் ஞகரமாக மாறியது. லத்தீனில் ஆண்டைக் குறிக்கும் ‘அன்னுஸ்’ ஸ்பானியத்தில் ‘அஞோ’ ஆனதும் இதே முறையில்தான். ஒரு நகரத்தின் மேல் இன்னொரு நகரத்தைச் சிறிதாக எழுதிய ஏட்டெழுத்தர்களின் பழக்கமே, அந்த ஞகர எழுத்தின் தலையில் இன்றும் நெளிகோடாக நிற்கிறது. போர்த்துகீசியத்திலோ இரட்டை நகரம் ஒற்றை நகரமாகக் குறைந்ததால், அங்கே ‘அனில்’ என்றே சொல்கிறார்கள்.

இந்த வேறுபாட்டிலிருந்து இரண்டு சோதனைகள் கிடைக்கின்றன. ஒரு மொழியில் அவுரியின் பெயர் ‘அன்’ என்ற தொடக்கம் இல்லாமல் வந்தால், அது ஸ்பெயின் வழியாக வந்திருக்க வாய்ப்பில்லை. மலாயின் ‘நீலா’வும் தமிழின் ‘நீலம்’ என்பதும் அவ்வகை. தொடக்கம் இருந்து, ஞகரத்தின் தடமும் இருந்தால், அது ஸ்பானியக் கடனே. பிலிப்பைன்ஸின் செபுவானோ மொழியில் வெளுத்த துணிக்கு இடும் நீலத்தை ‘அன்யில்’ என்கிறார்கள். மெக்சிகோவின் அகபுல்கோவுக்கும் பிலிப்பைன்ஸின் மணிலாவுக்கும் இடையே 1565 முதல் 1815 வரை ஸ்பானியக் கப்பல்கள் ஓடியதை நினைத்தால் இதில் வியப்பில்லை. மெக்சிகோவிலும் இதே சொல் சலவை நீலத்துக்கு வழங்குகிறது. நம் வீடுகளில் சொட்டு நீலம் செய்யும் வேலையை அங்கே அது செய்கிறது. நிறத்தின் பெயரோடு அதன் பயன்பாடும் சேர்ந்து சென்றிருந்தால், உங்கள் முடிவுக்கு அது இரட்டை வலு.

பிரெஞ்சு, ஆங்கிலம் ஆகியவற்றில் உள்ள ‘அனில்’ அவ்வளவு எளிதில் பிடிகொடுக்காது. அங்கே சரக்கின் வழியைப் பார்க்க வேண்டும். 1498-க்குப் பிறகு குஜராத்தின் சர்கேஜ் முதலிய இடங்களின் சாயத்தைப் போர்த்துகீசியர் ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்றனர். பிறகு ஸ்பானியர், இன்றைய குவாத்தமாலா, எல் சால்வடார் பகுதிகளில் விளைந்த சாயத்தைச் செவில், காடிஸ் துறைமுகங்களுக்கு அனுப்பினர். இரு பெயர்களும் ஐரோப்பியச் சந்தையில் கலந்தன. அகராதி ஒன்று ஒரே மூலத்தை உறுதியாகச் சொன்னாலும், ‘இரண்டில் ஒன்று அல்லது இரண்டும்’ என்று குறித்துக்கொள்வதே நேர்மை என்பது என் கருத்து.

வணிகத்துக்குப் பின் அறிவியல் நூல்களைத் தேடுங்கள், ஏனெனில் ஒரு சொல் அங்கே நுழைந்துவிட்டால் எந்தக் கப்பலும் இல்லாமலே உலகைச் சுற்றிவரும். அமெரிக்க அவுரி இனத்துக்குத் தாவரவியலாளர் லின்னேயஸ் ‘இண்டிகோஃபெரா அனில்’ என்று பெயரிட்டார். 1840-இல் புனித பீட்டர்ஸ்பர்க்கில் பணியாற்றிய வேதியியலாளர் கார்ல் யூலியஸ் ஃபிரிட்ஷே, அவுரிச் சாயத்தைக் காரப் பொட்டாஷுடன் சேர்த்துக் காய்ச்சி வடித்து ஒரு எண்ணெயைப் பெற்று, அதற்கு ‘அனிலின்’ என்று பெயர் வைத்தார். அதே பொருளை ஊன்வெர்டார்பென் 1826-இலும் ரூங்கே 1834-இலும் வேறு பெயர்களில் கண்டிருந்தனர். நிலைத்தது ஃபிரிட்ஷேயின் பெயர். 1856-இல் ஆங்கில வேதியியலாளர் பெர்கின் அதிலிருந்து ஊதாச் சாயம் தயாரித்தபின் அச்சொல் தொழிற்சாலைப் பலகைகளில் ஏறியது. 1865-இல் தொடங்கிய ஜெர்மன் வேதிப்பொருள் நிறுவனமான பிஏஎஸ்எஃப்-இன் பெயரில் ‘ஏ’ குறிப்பதும், புகைப்படச் சுருளால் நமக்குத் தெரிந்த அக்ஃபாவின் இறுதி எழுத்து குறிப்பதும் அனிலின்தான். 1890-இல் கார்ல் ஹொய்மன் அந்த அனிலினிலிருந்தே செயற்கை அவுரி நீலம் தயாரிக்கும் வழியைக் கண்டார். 1897-இல் செயற்கை நீலம் சந்தைக்கு வந்து, இந்திய அவுரிச் சாகுபடியை வீழ்த்தியது. நம் வேதியியல் பாடநூல்களில் வரும் ‘அனிலீன்’ இந்தத் தொடரின் மிக அண்மைய கண்ணி.

உருவ ஒற்றுமை கண்டு ஏமாறாமல் இருக்கவும் வேண்டும். இந்தியர் பலருக்கு இருக்கும் ‘அனில்’ என்ற பெயர் காற்றைக் குறிக்கும் சமஸ்கிருதச் சொல். மரத்தில் ஓடும் அணிலுக்கோ கேட்கவே வேண்டாம். அரபில் நைல் ஆற்றின் பெயரும் ‘அன்னீல்’ என்றே ஒலிக்கும், ஆனால் அது வேறு சொல்.

இறுதியில் எல்லாவற்றையும் ஒரு தாளில் வரைந்து பாருங்கள். ஒலிச் சான்றும் சரக்குச் சான்றும் சேர்ந்து நிற்கும் இடத்தில் முழுக்கோடும், ஒன்று மட்டும் இருக்கும் இடத்தில் புள்ளிக்கோடும் இடுங்கள். ஸ்பெயினிலிருந்து செபுவானோவுக்கு முழுக்கோடு வரும். லண்டனுக்கும் பாரிஸுக்கும், லிஸ்பனிலிருந்து ஒன்றும் செவிலிலிருந்து ஒன்றுமாக, இரண்டு புள்ளிக்கோடுகள் வரும்.