அடிபட்ட காரை வாங்கலாமா? ஒரு டிங்கரிங்காரன் பார்க்கும் விதம்

"அண்ணே, வண்டி நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு ஆக்சிடென்ட் ஆயிருக்காம். வாங்கலாமா, விட்டுடலாமா?"

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் இப்படித்தான் கேட்பார்கள். நசுங்கின கார்களை இழுத்து நிமிர்த்தி, வெட்டி ஒட்டி, பெயிண்ட் அடித்து வெளியே அனுப்புவது என் தொழில். அதனால் பதிலுக்கு நானும் ஒன்று கேட்பேன்: அடி எங்கே விழுந்தது, எதுவரை போயிருக்கிறது? இது தெரியாமல் வாங்கு என்றோ வேண்டாம் என்றோ சொல்ல எனக்கு மனம் வராது. தூணில் உரசிக் கதவை மாற்றிய வண்டியும், மரத்தில் மோதி இன்ஜினே பின்னுக்கு நகர்ந்த வண்டியும் ரெக்கார்டில் ஆக்சிடென்ட் என்ற ஒரே பெயரில்தான் ஏறும். முதலாவதைப் பயந்து விட்டுவிடுவது வீண். இரண்டாவதில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போவது ஆபத்து.

காரின் பாடியை நாங்கள் இரண்டாகப் பிரித்துத்தான் பார்ப்போம். போல்ட்டில் நிற்கும் பாகங்கள் ஒரு வகை: பம்பர், பானெட், முன் ஃபெண்டர், கதவு, டிக்கி மூடி. இவை நசுங்கினால் கழற்றிப் புதிது மாட்டலாம், வண்டியின் பலம் குறையாது. வெல்டில் நிற்பவை இன்னொரு வகை: இன்ஜினுக்கு இரண்டு பக்கமும் நீளமாக ஓடும் லாங் மெம்பர், அதன்மேல் எழும் ஏப்ரன், கூரையைத் தாங்கும் பில்லர்கள், கதவுக்குக் கீழே இருக்கும் ரன்னிங் போர்டு, தரைத்தகடு, கூரை. அடி போல்ட் பாகங்களோடு நின்றிருந்தால் தயங்காமல் அடுத்த சோதனைக்குப் போங்கள். வெல்டு பாகம்வரை போயிருந்தால் அங்கேயே நின்று யோசிக்க வேண்டும்.

வெல்டு என்றாலே வேண்டாம் என்றும் சொல்லமாட்டேன். பின்சக்கரத்துக்கு மேலே இருக்கும் குவார்ட்டர் பேனலும் வெல்டில்தான் நிற்கிறது. பார்க்கிங்கில் யாரோ இடித்து அதில் ஒரு பள்ளம் விழுந்து, இழுத்து எடுத்து பெயிண்ட் அடித்திருந்தால் அதில் பயப்பட ஒன்றுமில்லை. என் கவலையெல்லாம் லாங் மெம்பர், பில்லர், ரன்னிங் போர்டு மூன்றின் மேல்தான்.

காரணம் இது. காரின் முன்பாகம் மோதலில் நொறுங்கி விசையை வாங்கிக்கொள்ள வேண்டும், ஆள் உட்காரும் கூடு நொறுங்காமல் நிற்க வேண்டும் என்று யோசித்தவர் பேலா பாரேனி என்ற பொறியாளர். 1959ல் வந்த மெர்சிடிஸ் டபிள்யூ111 அந்த யோசனையை வைத்துச் செய்யப்பட்டது. இன்றைக்கு எல்லாக் கார்களும் அந்த வழியில்தான். லாங் மெம்பரில் எந்த இடத்தில் முதலில் மடங்க வேண்டும் என்றுகூடக் கணக்குப் போட்டுத்தான் செய்கிறார்கள். ஒருமுறை மடித்து நிமிர்த்தின தகரத்தை மறுபடி அழுத்திப் பாருங்கள், பழைய மடிப்பிலேயே சுலபமாக மடங்கும். நிமிர்த்தின லாங் மெம்பரும் அப்படித்தான், அடுத்த மோதலில் கணக்குப்படி நடந்துகொள்ளும் என்ற நம்பிக்கை இல்லை. நடு பில்லர் இன்னும் மோசம். பல கார்களில் அது 1500 மெகாபாஸ்கல் (எஃகின் வலிமையை அளக்கும் அலகு) அளவு வலிமைகொண்ட போரான் எஃகு. கேஸ் டார்ச் வைத்துச் சூடேற்றி அதை நிமிர்த்தினால் அந்த வலிமை போய்விடும், வெளியே பெயிண்ட் மட்டும் பளபளவென்று இருக்கும். அதனால்தான் தயாரிப்பாளர்கள் அதைச் சூடேற்றி நிமிர்த்தக் கூடாது, முழுப் பாகத்தை மாற்று என்கிறார்கள்.

சரி, எப்படிப் பார்ப்பது? பகல் வெளிச்சத்தில், கழுவித் துடைத்துக் காய்ந்த வண்டியைப் பாருங்கள். ஈரம் இருந்தால் பெயிண்டின் குறை தெரியாது. ஒரு டார்ச்லைட்டும் அழுக்கானாலும் பரவாயில்லை என்ற சட்டையும் போதும்.

முதலில் பானெட்டைத் திறந்து போல்ட்டுகளைப் பாருங்கள். பானெட் கீலிலும் ஃபெண்டரிலும் இருக்கும் போல்ட்டுகளுக்குப் பாடியோடு சேர்த்தே கம்பெனியில் பெயிண்ட் ஏறியிருக்கும். அந்தத் தலைகளில் ஸ்பேனர் பட்ட தேய்ப்பு இருந்தால் அந்தப் பாகத்தைக் கழற்றியிருக்கிறார்கள். கழற்றியதே குற்றமில்லை. எந்தப் பக்கம் வேலை நடந்தது என்று அது காட்டிக்கொடுக்கும், அந்தப் பக்கத்தைக் கூடுதலாகத் துருவுங்கள்.

அடுத்து ஏப்ரனும் லாங் மெம்பரும். இடது பக்கத்தையும் வலது பக்கத்தையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். இந்த ஒரு பழக்கத்தை நீங்கள் எடுத்துக்கொண்டாலே பாதி ஏமாற்று பிடிபடும். கம்பெனி ஸ்பாட் வெல்டு சின்ன வட்டப் பள்ளமாக, சீரான இடைவெளியில் வரிசையாக இருக்கும். பட்டறையில் வைக்கும் வெல்டு பெரும்பாலும் மேடாக இருக்கும், அல்லது கிரைண்டர் போட்டு வழித்த தடம் தெரியும். தகடுகள் சேரும் இடத்தில் பூசும் சீலன்டும் அப்படியே. ஒரு பக்கம் ஒரே அகலத்தில் ஓடி, மறுபக்கம் விரலால் இழுத்ததுபோல் இருந்தால், அந்தப் பக்கம் தகடு மாறியிருக்கிறது. லாங் மெம்பரின் பக்கவாட்டில் சின்னச் சுருக்கமோ, தடித்த கறுப்புப் பூச்சோ ஒரு பக்கம் மட்டும் இருந்தால் எனக்கு உடனே சந்தேகம் வரும். சுருக்கத்தை மறைக்கத்தான் அந்தப் பூச்சைத் தடிமனாக அடிப்பார்கள். ரேடியேட்டர் சப்போர்ட் சில கார்களில் போல்ட், சில கார்களில் வெல்டு. போல்ட்டில் நிற்பது மாறியிருந்தால் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பின்னால் போய் டிக்கியின் விரிப்பைத் தூக்கி, ஸ்டெப்னி வைக்கும் குழியைப் பாருங்கள். பின்னாலிருந்து பலமாக இடிபட்ட வண்டியில் அந்தக் குழி கொஞ்சம் சுருங்கியோ சுத்தியலால் தட்டி நிமிர்த்திய தழும்போடோ இருக்கும். வெளியே பம்பர் புத்தம்புதிதாக மின்னும். அங்கே குனிந்து பார்ப்பவர்கள் குறைவு என்பதால் பட்டறையிலும் அந்த இடத்தை அரைகுறையாக விட்டுவிடுவது உண்டு. பிறகு கதவுகளைத் திறந்து, ஓரத்து ரப்பர் பீடிங்கைக் கையால் கொஞ்சம் விலக்குங்கள். உள்ளே கம்பெனி ஸ்பாட் வெல்டு வரிசை தெரிய வேண்டும். நான்கு கதவிலும் இதைச் செய்யுங்கள், பீடிங்கைத் திருப்பி அழுத்தினால் உட்கார்ந்துவிடும். வண்டிக்காரர் இதற்குச் சம்மதிக்காவிட்டால் காரணம் கேளுங்கள்.

பெயிண்ட் தடிமன் மீட்டர் கிடைத்தால் வாங்கிக்கொண்டு போங்கள். கம்பெனி பெயிண்ட் பெரும்பாலும் 80 முதல் 160 மைக்ரான் வரை இருக்கும். 200, 300 காட்டினால் மேலே ஒரு முறை பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். 500, 1000 என்று ஏறினால் அடியில் பட்டி இருக்கிறது. ஒரு பேனலில் ஐந்தாறு இடம் வைத்துப் பாருங்கள். ஃபெண்டரில் 250 வந்தால் நான் கண்டுகொள்ளமாட்டேன், பில்லரிலோ கூரையிலோ அதே 250 வந்தால் கழுத்தை நீட்டிப் பார்ப்பேன். பிளாஸ்டிக் பம்பரில் இந்த மீட்டர் வேலை செய்யாது. அலுமினியப் பானெட் உள்ள வண்டிக்கு அலுமினியத்தையும் அளக்கும் மீட்டர் வேண்டும்.

கண்ணாடிகளின் மூலையில் தயாரிப்பாளர் முத்திரையும் வருடக் குறியும் இருக்கும். ஒன்று மட்டும் வேறாக இருந்தால் மாற்றியிருக்கலாம். முன்கண்ணாடி கல்பட்டும் உடையும், அதற்காக வண்டியை ஒதுக்க வேண்டாம். கதவுக் கண்ணாடி வேறாக இருந்து அதே பக்கத்துப் பில்லரில் பெயிண்டும் தடித்திருந்தால் இரண்டும் சேர்ந்து ஒரு கதை சொல்கின்றன.

இப்போது ஏர்பேக். உலோக வேலையை எப்படியும் கண்ணால் பிடித்துவிடலாம். ஏர்பேக் விஷயத்தில் ஏமாற்றினால் உயிர்போகும் நேரத்தில்தான் தெரியவரும், அதனால் இங்கே அவசரப்படாதீர்கள். சாவியைப் போட்டதும் ஏர்பேக் விளக்கு எரிந்து சில நொடியில் தானாக அணைய வேண்டும். அணையாவிட்டால் கோளாறு இருக்கிறது. எரியவே இல்லையென்றால் இன்னும் மோசம், விளக்கையே செயலிழக்கச் செய்திருக்கலாம். வேறு விளக்கின் வயரோடு இணைத்து, இரண்டும் ஒன்றாக அணையும்படி செய்பவர்களும் உண்டு. அதனால் அது தனியாக அணைகிறதா என்று பாருங்கள். பை வெடித்துப்போன இடத்தில் வெறும் ரெசிஸ்டரை (சின்ன மின்தடைத் துண்டை) மாட்டி, எல்லாம் சரி என்று கம்ப்யூட்டரை நம்பவைப்பதும் நடக்கிறது. ஆகவே விளக்கு சரியாக அணைந்தாலும், ஏர்பேக் மாட்யூலை, அதாவது ஏர்பேக்கை இயக்கும் அந்தக் கம்ப்யூட்டரை, ஸ்கேனரில் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பல மாட்யூல்களில் மோதல் பதிவு உள்ளே நிற்கும்.

ஸ்டீயரிங் நடுமூடியும் இடப்பக்கமோ வலப்பக்கமோ பயணி முன்னால் இருக்கும் டேஷ்போர்டு மூடியும் மற்ற பிளாஸ்டிக்கோடு நிறத்திலும் சொரசொரப்பிலும் ஒத்துப்போகிறதா என்று தடவிப் பாருங்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். அடியில் ஒரு லேபிளில் தயாரித்த தேதி இருக்கும். வண்டியைவிடப் பெல்ட் புதிதாக இருந்தால் ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள். மோதலில் ஆளைத் தாங்கின பெல்ட்டில், மேல் வளையத்தில் உரசின இடம் உருகினதுபோல் மினுமினுக்கும். பெல்ட்டை இறுக்கும் பிரிடென்ஷனர் ஒரே ஒரு முறைதான் வெடிக்கும், அதன்பிறகு மாற்றியே ஆக வேண்டும். பை மட்டும் மாற்றி, பெல்ட்டை அப்படியே விட்ட வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த மாதிரி வண்டியை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

ஓட்டிப் பார்க்கும்போது, நேரான காலிச் சாலையில் ஸ்டீயரிங்கை லேசாகப் பிடியுங்கள். ஒரு பக்கம் இழுத்தால் காற்று, டயர், அலைன்மென்ட் என்று பல காரணம் இருக்கலாம். சக்கரம் நேராகப் போகும்போது ஸ்டீயரிங் கோணலாக நின்றாலும் அப்படியே. அலைன்மென்ட் கடைக்கு எடுத்துப்போய், சரிசெய்வதற்கு முன்னால் வரும் அளவுகளைத் தாளில் வாங்குங்கள். பல கார்களில் முன்சக்கர கேம்பரை, அதாவது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணத்தை, திருகிச் சரிசெய்ய வழியே கிடையாது. அதில் இரண்டு பக்கமும் பெரிதாக வித்தியாசப்பட்டால் ஏதோ வளைந்திருக்கிறது. அது ஸ்ட்ரட்டாக (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தண்டாக) இருந்தால் மாற்றலாம், ஸ்ட்ரட் உட்காரும் ஏப்ரனாக இருந்தால் வண்டியை விடுங்கள். டயர்களை நனைத்து, காய்ந்த தரையில் நேராக ஓட்டவிட்டு, பின்டயரின் தடம் முன்டயரின் தடத்தோடு எப்படிப் பொருந்துகிறது என்றும் பார்க்கலாம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பொருந்த வேண்டும். சக்கரத்துக்குச் சக்கரம் டேப் வைத்து அளந்து இடது வலது ஒப்பிடுவதும் நல்ல சோதனைதான். பழைய ரெனோ 4 போன்ற ஒருசில வண்டிகளுக்கு வடிவமைப்பிலேயே இரண்டு பக்க நீளம் வேறு. அவற்றை விட்டால் வித்தியாசம் வரக்கூடாது.

புதிய வண்டிகளில் முன்கண்ணாடிக்குப் பின்னால் கேமராவும் பம்பருக்குள் ரேடாரும் இருக்கும். கண்ணாடியோ பம்பரோ மாறியிருந்தால் அவற்றைத் திரும்பக் கேலிபரேட் செய்த (சரியாகப் பார்க்கும்படி அளவு சரிசெய்த) ரசீதைக் கேளுங்கள். மின்சாரக் காராக இருந்தால் லிஃப்டில் ஏற்றி, பேட்டரிப் பெட்டியின் அடித்தகட்டைப் பாருங்கள். அங்கே பள்ளமோ கிழிசலோ இருந்தால் பேச்சை அதோடு முடித்துக்கொள்ளுங்கள்.

காகிதங்களைப் பற்றி ஒன்று. ரெக்கார்டு சுத்தமாக இருந்தால் வண்டியும் சுத்தம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கைக்காசு போட்டுச் சரிசெய்த விபத்து பெரும்பாலும் எந்த ரெக்கார்டிலும் ஏறாது. அதேபோல "டோட்டல் லாஸ்", அதாவது சரிசெய்யும் செலவு கட்டுப்படியாகாது என்று இன்சூரன்ஸ் முடிவுசெய்ததும் பணக் கணக்குதான். பழைய மலிவான வண்டியில் சில ஏர்பேக் வெடித்தாலே செலவு வண்டி மதிப்பைத் தொட்டுவிடும், லாங் மெம்பர் கோடுகூட விழாமல் இருந்திருக்கும். விலை உயர்ந்த புதுவண்டியில் லாங் மெம்பரே வளைந்திருந்தாலும் சரிசெய்து ஓட்டவிடுவார்கள். ஆனால் டோட்டல் லாஸ் பதிவு உள்ள வண்டிக்கு இன்சூரன்ஸ் கிடைக்குமா, எவ்வளவு மதிப்புக்குக் கிடைக்கும் என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் விசாரித்துவிடுங்கள்.

வண்டிக்காரரிடம் நான் கேட்கச் சொல்வது, சரிசெய்வதற்கு முன் எடுத்த போட்டோவும் பட்டறை பில்லும். இன்சூரன்ஸில் சரிசெய்த வண்டிக்குப் போட்டோ எடுக்காமல் இருக்கமாட்டார்கள். நசுங்கின வண்டியின் போட்டோவைத் தானாகவே எடுத்துக் காட்டுகிறவரின் வண்டியை, விபத்தே இல்லை என்று சத்தியம் செய்கிறவரின் வண்டியைவிட நான் நம்புவேன். பில்லில் எந்தெந்தப் பாகம் மாற்றியது என்று வரிவரியாக இருக்கும். அதை நீங்கள் பார்த்த போல்ட்டோடும் வெல்டோடும் வைத்துப் பாருங்கள்.

எல்லாம் பார்த்தபிறகும் விலை இருக்கிறது. அடி போல்ட் பாகங்களோடு நின்று, ஏர்பேக் வெடிக்காமல், பில்லும் போட்டோவும் ஒத்துப்போனால் வாங்குங்கள், விலையைக் குறைத்து வாங்குங்கள். நீண்டநாள் வைத்து ஓட்டுவதாக இருந்தால் அந்தக் குறைப்பு உங்களுக்கு லாபம். இரண்டு வருடத்தில் விற்கும் எண்ணமிருந்தால், இன்று உங்களுக்குக் குறைத்த அதே காரணத்தைச் சொல்லி நாளை வாங்குகிறவரும் குறைப்பார், ஆகவே லாபம் பெரிதாக நிற்காது. ஏர்பேக் வெடித்து, பை, பெல்ட், மாட்யூல் எல்லாம் புதிதாக மாற்றியதற்குப் பில் இருந்து, லாங் மெம்பர் தொடப்படாமல் இருந்தால் அதையும் யோசிக்கலாம். லாங் மெம்பரோ பில்லரோ ரன்னிங் போர்டோ வெட்டி ஒட்டின வண்டி என்றால், தயாரிப்பாளர் சொன்ன முறையில் செய்து, பாடியை அளந்த அளவுத்தாள் வைத்திருக்கும் பட்டறையின் வேலையாக இல்லாதவரை வேண்டாம். விலை பாதியாக இருந்தாலும் வேண்டாம்.

வாங்க முடிவுசெய்தால், எந்தப் பாகத்தில் அடிபட்டது, எவை மாற்றப்பட்டன, ஏர்பேக் வெடித்ததா இல்லையா என்று விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதி அவர் கையெழுத்தை வாங்குங்கள். எழுத மறுத்தால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு அடுத்த வண்டியைப் பார்க்கப் போங்கள்.